வயரில் தொலையும் வெளிச்சம்

கொச்சியின் தோப்பும்படியில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போய் பைக் ஹெட்லைட் பல்பு கேட்டால், விலை சொல்வதற்கு முன்னால் கடைக்காரர் கேட்பது "ஏதா வண்டி?" என்பதுதான். கேட்க வேண்டிய கேள்வி. பார்வைக்கு ஒன்றுபோலத் தெரியும் இரண்டு பல்புகள் அவர் கடையில் இருக்கும். ஒன்று எச்4, 60/55 வாட். ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 போன்ற கனத்த வண்டிகளுக்கும் ஏராளமான கார்களுக்கும் உரியது. இன்னொன்று எச்எஸ்1, 35/35 வாட்; பல்சர் 150, எல்இடி வருவதற்கு முந்தைய ஆக்டிவா போன்றவற்றுக்கு. இரண்டுக்கும் பின்னால் மூன்று தகடுகள், ஒரே மாதிரி கப்ளர். அடித்தட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் காதுகளின் அமைப்பு மட்டும் சற்று வேறு. அந்தச் சின்ன வித்தியாசத்தை வேண்டுமென்றேதான் வைத்திருக்கிறார்கள், ஒன்றின் இடத்தில் மற்றொன்று உட்காரக் கூடாது என்று. அரத்தை எடுத்து அந்தக் காதைத் தேய்த்து உட்கார வைத்துவிடும் கெட்டிக்காரர்கள் எல்லா ஊரிலும் உண்டு.

கடைக்கு வருபவர்களில் பலருக்கு பல்பு ஃபியூஸ் ஆகியிருக்காது. எரிகிறது, வெளிச்சம் போதவில்லை என்பதுதான் குறை. அதிலும் நியாயம் இருக்கிறது. கொச்சியில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. சென்னையைப் போல இரு மடங்கு. பள்ளுருத்தி தாண்டிச் செல்லானம் பக்கம் போகும் கடலோரச் சாலையில் ஜூன் மாத இரவில் ஓட்டுபவர் "கொஞ்சம் பவர் கூடின பல்பு" கேட்டால் அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பல்பைப் பெரிதாக்குவது இந்த வைத்தியத்தில் கடைசியாகச் செய்ய வேண்டியது என்பது என் கட்சி. ஏனென்று புரிய, அந்தச் சின்னக் கண்ணாடிக் குமிழுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

உள்ளே டங்ஸ்டன் இழைகள் இரண்டு. பிரைட் இழை, ரிஃப்ளெக்டரின் குவியப் புள்ளியை ஒட்டி இருக்கிறது. அதிலிருந்து கிளம்பும் ஒளி நேராகத் தூரத்துக்குப் போகும். டிம் இழை அதற்குச் சற்று முன்னால். அதன் அடியில் ஒரு குட்டி உலோகக் கிண்ணம். கிண்ணம் கீழ்நோக்கிப் போகும் ஒளியை மறித்துவிடுவதால், ரிஃப்ளெக்டரின் மேல்பாதியில் பட்ட ஒளி மட்டுமே வெளியே வந்து, சாலையை நோக்கித் தாழ்ந்து விழுகிறது. எதிரே வருபவரின் கண் தப்புவது இந்தக் கிண்ணத்தால்தான். இழை ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலே கணக்கு கெடும். காதைத் தேய்த்து மாட்டிய பல்பில் முதலில் கெடுவதும் இதுதான்.

குமிழுக்குள் மந்த வாயுவோடு கொஞ்சம் புரோமின் அல்லது அயோடின் சேர்மமும் உண்டு. இழை 2,800 கெல்வினுக்கு மேல் காய்ந்து எரியும்போது டங்ஸ்டன் மெல்ல ஆவியாகும். பழைய பல்புகளில் அது கண்ணாடியில் படிந்து கறுக்கும். ஹாலஜன் பல்பில் கண்ணாடியை ஒட்டிய பகுதியில் அந்த ஆவி ஹாலஜனோடு சேர்ந்து, திரும்பவும் இழை இருக்கும் இடத்துக்கு வந்து, சூட்டில் பிரிந்து டங்ஸ்டனை அங்கேயே விட்டுவிட்டுப் போகிறது. ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் எல்மர் ஃப்ரிட்ரிக்கும் எம்மெட் வைலியும் இதற்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றது 1959-இல். இந்தச் சுழற்சி நடக்கக் குமிழின் சுவர் 250 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக இருந்தாக வேண்டும். அதனால்தான் குமிழைச் சின்னதாகவும் குவார்ட்ஸ் கண்ணாடியிலும் செய்கிறார்கள்.

மாற்றும்போது பல்பின் கண்ணாடியைத் தொடாதே என்று சொல்வதும் இதனால்தான். விரலின் எண்ணெயும் உப்பும் அந்தச் சூட்டில் குவார்ட்ஸில் ஊறி, அந்த இடம் கண்ணாடித்தன்மை இழந்து பலவீனமாகும். அடித்தட்டைப் பிடித்து மாட்ட வேண்டும். தெரியாமல் தொட்டுவிட்டால் ஸ்பிரிட்டில் நனைத்த சுத்தமான துணியால் துடைத்து, காய்ந்தபின் எரியவிட்டால் போதும்.

மாற்றும் வேலை சிரமமில்லை. இன்ஜினை அணைத்து, பல்பு ஆறும்வரை பொறுக்க வேண்டும். டூமை, அதாவது ஹெட்லைட் கூட்டை, கழற்றி, கப்ளரை நேராகப் பின்னால் இழுக்க வேண்டும். வயரைப் பிடித்து இழுத்தால் தகடு கையோடு வந்துவிடும். அடுத்து ரப்பர் மூடி. அதன் உள்ளே ஒரு கம்பி ஸ்பிரிங். அமுக்கிப் பக்கவாட்டில் தள்ளினால் விடும். பழைய பல்பைத் தூக்கிப் போடுமுன் ஒரு பார்வை பார்ப்பது நல்லது. இழை மட்டும் அறுந்திருந்தால் ஆயுள் முடிந்தது என்று பொருள். உள்ளே வெள்ளையாகப் பால் பூத்திருந்தால் குமிழில் விரிசல் விட்டுக் காற்று புகுந்திருக்கிறது. அடித்தட்டில் காது சரியான பள்ளத்தில் உட்கார்ந்ததா என்று புதிய பல்பை லேசாக அசைத்துப் பார்த்துவிட்டு, ரப்பர் மூடியை அதன் விளிம்பு முழுவதும் படியும்படி மாட்ட வேண்டும். பலரும் அலட்சியப்படுத்துவது இந்த மூடியைத்தான். கிழிந்த மூடி வழியாக ஒரு மழைக்காலம் உள்ளே போனால் ரிஃப்ளெக்டரில் ரசம் போய்விடும். அது அலுமினிய ஆவிப்பூச்சு. உப்புக்காற்று அதற்குப் பகை. துணியால் துடைத்தாலும் உரிந்துவிடும். ரசம் போன ரிஃப்ளெக்டருக்கு எந்தப் பல்பை வைத்தாலும் வீண்செலவுதான். டூமையே மாற்ற வேண்டும்.

இனி வயர். தோப்பும்படிக்கு ஒரு பக்கம் காயல், மீன்பிடித் துறைமுகம். சற்று மேற்கே கடல். இந்தக் காற்றில் நிற்கும் வண்டியின் கப்ளரைக் கழற்றினால் பித்தளைத் தகடுகளில் பச்சையாகக் களிம்பு ஏறியிருக்கும். களிம்பு மின்சாரத்துக்குத் தடை. எவ்வளவு தடை? 0.3 ஓம் என்று வைத்துக்கொள்வோம்; சாதாரண மல்டிமீட்டரில் நம்பி அளக்கவே முடியாத அளவு. 55 வாட் டிம் பல்பு சுமார் 4.6 ஆம்பியர் இழுக்கிறது. இரண்டையும் பெருக்கினால் ஏறக்குறைய 1.4 வோல்ட் அந்தக் கப்ளரிலேயே தொலைகிறது. 1.4 வோல்ட்தானே என்று தோன்றும். ஆனால் இழை பல்பின் வெளிச்சம் வோல்டேஜுக்கு நேர்விகிதத்தில் குறைவதில்லை. கிட்டத்தட்ட அதன் 3.4 அடுக்கில் குறைகிறது. 13.2 வோல்ட்டில் எச்4 டிம் இழை தர வேண்டியது 1,000 லூமன். 11.8 வோல்ட்டில் அது 700-க்கும் கீழே போய்விடும். மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம் போய்விட்டது. அதோடு 6 வாட் சூடு அந்தப் பிளாஸ்டிக் கப்ளருக்குள்ளேயே உற்பத்தியாகிறது. கழற்றும்போது உருகிப் பழுத்த கப்ளர் கையில் வந்தால் காரணம் இதுதான்.

ஆகவே முதல் செலவு ஒரு சோதனை. இன்ஜினைக் கொஞ்சம் ஏற்றி ஓடவிட்டு, ஹெட்லைட்டை எரியவிட்டு, பேட்டரி முனைகளில் ஒருமுறையும் பல்பின் தகடுகளில் ஒருமுறையும் வோல்ட் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் இடையே அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் பல்பு குற்றவாளி அல்ல. கப்ளரைப் புதிதாக மாற்றி, ஃபிரேமில் எர்த் வயர் திருகியிருக்கும் இடத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து, கிரீஸ் தடவினாலே போன வெளிச்சம் திரும்பி வரும். அப்படியும் குறைந்தால் ரிலே. பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாகத் தனி வயர் நேராகப் பல்புக்கு வரும். ஹேண்டில்பாரில் இருக்கும் சுவிட்ச் ரிலேயை இயக்குவதோடு சரி, பல்பின் மின்னோட்டம் அதன் வழியாகப் போகாது.

இதில் ஒரு விதிவிலக்கு. பல பழைய 100 சிசி வண்டிகளில் ஹெட்லைட்டுக்கும் பேட்டரிக்கும் சம்பந்தமே இல்லை. மேக்னெட்டோ காயிலிலிருந்து மாறுமின்னோட்டம் நேராகப் பல்புக்கு வருகிறது. சிக்னலில் நின்றால் மங்கும், ஆக்சிலரேட்டர் திருகினால் பளிச்சிடும். அங்கே அளக்க மல்டிமீட்டரை ஏசிக்குத் திருப்ப வேண்டும். எல்இடி பல்பு மாட்டினால் மினுக்கும், சில நாளில் போயும் விடும். முதலில் வயரிங்கை டிசிக்கு மாற்ற வேண்டும், அது தெரிந்த மெக்கானிக் செய்ய வேண்டிய வேலை.

"ராலி பல்பு" என்று 100/90 வாட் எச்4 ஒன்று கடைகளில் கிடைக்கிறது. வயர் சரியாக இருந்தால் அது அதிக வெளிச்சம் தரும் என்பது உண்மை. ஆனால் 60 வாட்டுக்குப் போட்ட வயரில் 100 வாட் ஓடும்போது வயரின் சூடு மின்னோட்டத்தின் இருமடியில் கூடும், ஏறத்தாழ 2.8 மடங்கு. சின்ன வண்டியின் பிளாஸ்டிக் ரிஃப்ளெக்டரோ பழுத்து வளையும். நீலப்பூச்சுப் பல்புகள் இதற்கு நேர் எதிரான ஏமாற்று. வெள்ளையாகத் தெரிவதற்காக மஞ்சள் ஒளியை வடிகட்டி எறிந்துவிடுகின்றன. பணம் கொடுத்து வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்கிறோம். நிறத்தைப் பற்றிய விவாதம் இன்று நேற்றையதல்ல. பிரான்சில் வண்டிகளுக்கு மஞ்சள் ஹெட்லைட்தான் சட்டம் என்று 1993 வரை வைத்திருந்தார்கள். மழையில் மஞ்சள் நல்லது என்பவர்களோடு நான் சண்டைக்குப் போக மாட்டேன். ஆனால் நனைந்த தாரில் இருட்டுவதற்கு முக்கியக் காரணம் நிறமல்ல. சாலையின் மேல் நிற்கும் தண்ணீர்ப் படலம் ஒளியை முன்னோக்கித் தள்ளிவிடுகிறது. நம் கண்ணுக்குத் திரும்பி வர வேண்டியது எதிரே வருபவரின் கண்ணுக்குப் போகிறது. எந்த நிறப் பல்பும் அதை மாற்றாது, வேகத்தைக் குறைப்பது ஒன்றுதான் வழி.

எல்இடிக்கு வருவோம். ஒரு வாட்டுக்கு நூறு லூமனுக்கு மேல் தரக்கூடியது. ஹாலஜன் டிம் இழை தருவது 20-க்கும் குறைவு. இவ்வளவு தூரம் முந்திய ஒன்றை வேண்டாம் என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? எல்இடிக்கென்றே வடிவமைத்த முழு ஹெட்லைட் அருமையான பொருள். ஹாலஜன் டூமுக்குள் திணிக்கும் எல்இடி பல்புதான் தொல்லை. ரிஃப்ளெக்டர் சுமார் 5 மில்லிமீட்டர் நீளமுள்ள மெல்லிய இழையை எதிர்பார்த்து வளைக்கப்பட்டது. அங்கே தட்டையான சில்லுகளை நாலு பக்கமும் ஒட்டிய ஒரு தடியை வைத்தால் ஒளி குவிய வேண்டிய இடத்தில் குவியாது. டயருக்கு முன்னால் பாய் விரித்தாற்போல் பளீரென்று வெள்ளை விழும். அதைப் பார்த்துக் கண்மணி சுருங்கும். அறுபது அடி தள்ளி நிற்கும் குழி முன்பைவிட இருட்டாகத் தெரியும். ஓட்டுபவருக்கு மட்டும் "இப்போதான் லைட்" என்ற திருப்தி. பல்பின் பின்னால் நீளும் ஃபேனுக்கு இடம் போதாமல் ரப்பர் மூடியை வெட்டிவிடுவார்கள். கொச்சி மழையில் அதன் விளைவை மேலே சொல்லியாயிற்று.

சில்லுகள் இழை இருந்த அதே இடத்தில், இரண்டு பக்கம் மட்டும், கிண்ணத்துக்குப் பதில் உலோக மறைப்போடு அமைந்த பல்புகளும் உண்டு. ஜெர்மனியில் 2020-இல் மாற்று எல்இடி பல்பு ஒன்றை முதன்முதலாக அனுமதித்தபோதுகூட, சோதித்துப் பார்த்த குறிப்பிட்ட வண்டி மாடல்களுக்கு மட்டும்தான் அனுமதித்தார்கள். ஒரு டூமில் நன்றாக விழும் பல்பு இன்னொன்றில் சிதறும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். நம் நாட்டில் தயாரிப்பாளர் கொடுத்ததை மாற்றியமைப்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவில் சிக்கும். 2019 திருத்தத்துக்குப் பிறகு அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் விதிக்க இடமுண்டு. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில்தான் வண்டியின் மூல அமைப்பை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. 2017 ஏப்ரல் 1 முதல் புதிய இருசக்கர வண்டிகளில் ஹெட்லைட் பகலிலும் எரிந்துகொண்டே இருக்கும் என்பதால், சிதறும் பல்பின் தொல்லை இரவோடு முடிவதும் இல்லை.

கடைசியாகக் கோணம். இதற்குக் காசே தேவையில்லை, ஆனால் இதைச் செய்பவர்கள்தான் குறைவு. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106-ஆம் விதி ஒரு கற்பனைக் கண்ணை நிறுத்துகிறது: விளக்குக்கு 8 மீட்டர் முன்னால், அரை மீட்டர் வலப்புறம், தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில். அந்தக் கண் கூசக் கூடாது. வீட்டில் சரிபார்க்க, சமதரையில் சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தி, ஒருவர் ஏறி உட்கார்ந்து நேராகப் பிடிக்க வேண்டும். டயரில் காற்று சரியாக இருக்கட்டும். ஹெட்லைட் மையத்தின் உயரத்தைச் சுவரில் சாக்பீஸால் குறித்துவிட்டு டிம் போட்டால், வெளிச்சத்தின் மேல்விளிம்பு அந்தக் கோட்டுக்குச் சுமார் 10 செ.மீ. கீழே விழ வேண்டும். டூமுக்கு அடியிலோ பக்கத்திலோ இருக்கும் திருகை நகர்த்திச் சரிசெய்யலாம்.

பின்சீட்டில் வைத்துக் கட்டும் பாரம் இந்தக் கணக்கைத் தலைகீழாக்கும். துறைமுகத்திலிருந்து ஐஸ் போட்ட மீன்பெட்டியோடு கிளம்பும் வண்டியின் பின்புறம் 3 செ.மீ. அமுங்கியது என்று வையுங்கள். இரு சக்கரங்களுக்கும் இடையே சுமார் 1.3 மீட்டர். அப்படியானால் 10 மீட்டர் தூரத்தில் ஒளி 23 செ.மீ. மேலே ஏறிவிடும். கோட்டுக்குக் கீழே 10 செ.மீ.யில் இருந்த விளிம்பு இப்போது கோட்டுக்கு மேலே 13 செ.மீ.யில். எதிரே வருபவர் டிம் அடிக்கச் சொல்லி லைட்டைச் சிமிட்டுவார்; இவர் ஏற்கெனவே டிம்மில்தான் போய்க்கொண்டிருப்பார். தினம் பாரம் ஏற்றுபவர் பின் ஷாக் அப்சார்பரின் ஸ்பிரிங் வளையத்தை ஒரு படி ஏற்றி, பெட்டியைக் கட்டிய நிலையிலேயே சுவரில் அடித்துப் பார்த்துத் திருகை அமைத்துக்கொள்வது நல்லது.