எல்லா வலியும் ஒரே வலியன்று

சிவகாசியை அடுத்த விஸ்வநத்தத்தில், மாலையில் வேலை முடிந்து வீடு திரும்பும் பெண்களைக் கண்டிருப்பீர்கள். ஒருத்தி இடுப்பில் கையூன்றி நிற்பாள்; மற்றொருத்தி பிடரியை அழுத்திக்கொண்டே நடப்பாள். காலை முதல் தரையில் குனிந்தமர்ந்து குழாய் உருட்டியும், திரி செருகியும், தாள் ஒட்டியும் உழைத்த உடலின் முறையீடு அது. “வேலை செய்த வலிதானே, படுத்தெழுந்தால் போய்விடும்” என்பது நம்மவர் சொல். பெரும்பாலும் அது மெய்யே. ஆயினும், சிலருக்கு அச்சொல்லே கேடாய் முடிவதுண்டு.

முப்பது வயதுத் தாய் ஒருத்தியை எண்ணிப் பாருங்கள். கால் மரத்துப்போகிறது, ஒரு கண்ணின் பார்வை சில வாரங்கள் மங்கிப் பின்னர் தெளிகிறது, விரலிடையே பிடித்த திரி நழுவி விழுகிறது. ‘அசதி’ என்று வீட்டார் விட்டுவிடுகின்றனர். இவ்வாறு வந்து வந்து மறையும் அறிகுறிகள் தண்டுவட மரப்பு நோயினுடையவையாக இருக்கலாம். மருத்துவர்கள் இதனை ‘மல்டிப்பிள் ஸ்கிளிரோசிஸ்’ என்பர்.

மின்கம்பியின் மேலுறை போன்று, மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்பிழைகளுக்கு மயலின் என்னும் உறை உண்டு. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே திசைமாறி அவ்வுறையை அரிப்பதுதான் இந்நோய். 1868-இல் பாரீஸ் மருத்துவர் ஷார்க்கோ இதனைத் தெளிவுற விளக்கினார். பெரும்பாலும் 20 வயதுக்கும் 40 வயதுக்கும் இடையே, ஆண்களைவிடப் பெண்களிடமே மிகுதியாகத் தோன்றுகிறது. இது தொற்றுநோய் அன்று. முற்றிலும் போக்கும் மருந்து இல்லையெனினும், நோயின் வேகத்தைத் தணிக்கும் மருந்துகள் உள்ளன.

நோய் இன்னதென்று தெரிந்தபின் வேறொரு தவறு நேர்கிறது. முன்னர் எல்லா வலியையும் வேலையின்மேல் சுமத்தியவர்கள், இப்போது எல்லாவற்றையும் நோயின்மேல் சுமத்தி, “இதற்கு மருந்தேது?” என்று கைவிட்டுவிடுகின்றனர். தீர்க்கக்கூடிய வலியும் அதனால் தீராமலே நின்றுவிடுகிறது.

மூவகை வலி

முதலாவது, நரம்பு வலி. எரிச்சலாகவும், ஊசி குத்துவது போலவும் இருக்கும். சிலருக்குத் தலையைக் குனிந்தால் முதுகெலும்பு வழியே மின்சாரம் பாய்வது போலத் தோன்றும். இதனைப் பிடித்துவிடுவதால் பயனில்லை; அதற்குரிய மருந்தே வேண்டும்.

இரண்டாவது, தசை விறைப்பு. கால் மரக்கட்டைபோல் இறுகும். இரவில் கெண்டைக்கால் சுண்டி இழுக்கும். அன்றாடம் மெல்ல நீட்டி மடக்கும் பயிற்சியும், தேவையானால் மாத்திரையும் இதற்கு உதவும்.

மூன்றாவதே பலரும் அறியாதது: தசையில் விழும் வலி முடிச்சு. வலுவிழந்த காலை இழுத்து நடக்கையில் மறு பக்கத்து இடுப்புத் தசை இரட்டிப்புச் சுமை தாங்குகிறது. கோலூன்றும் தோள் ஓயாது உழைக்கிறது. அங்கே தசைநார் கயிறுபோல் திரண்டு நிற்கும். அதை அழுத்தினால் வலி வேறிடத்தில் தெறிக்கும். தோளில் உள்ள முடிச்சு நெற்றிப்பொட்டில் தலைவலியாகும்; பிட்டத்தில் உள்ளது கால்நெடுக இறங்கும். நோய் முற்றிவிட்டதென்று அஞ்சியவருக்கு, உண்மையில் ஒரு முடிச்சே காரணமாய் இருக்கலாம்.

இம்முடிச்சுகளின் வலி பரவும் பாதைகளை ஆராய்ந்து வரைந்தவர் அமெரிக்கப் பெண் மருத்துவர் ஜேனட் டிராவெல் (1901–1997). குடியரசுத் தலைவர் கென்னடியின் முதுகுவலிக்கு மருத்துவம் செய்து, 1961-இல் வெள்ளை மாளிகை மருத்துவரானவர் இவரே. டேவிட் சைமன்ஸ் என்னும் மருத்துவருடன் இவர் எழுதிய பெருநூல் 1983-இல் வெளிவந்தது. முடிச்சு உண்டாகும் விதம் பற்றி ஆய்வாளரிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு.

முடிச்சைத் தளர்த்தும் முறை

இயன்முறை மருத்துவரிடம் ஒருமுறை காட்டிக் கற்றுக்கொண்டு வீட்டிலேயே செய்யலாம். முடிச்சின்மேல் கட்டைவிரலை வைத்து, பொறுக்கக்கூடிய அளவில் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை அழுத்துக. பின்னர் அத்தசையை மெல்ல நீட்டுக. சுண்டி இழுத்தல் ஆகாது. உணர்ச்சியற்ற இடத்தை அழுத்தற்க. ஸ்டீராய்டு மருந்தை நெடுநாள் உண்டவருக்கு எலும்பு மெலிந்திருக்கலாம். ஆகவே வன்மையாகப் பிடித்துவிடுதல் கூடாது. ஒரு காலின் கெண்டைச் சதை மட்டும் வீங்கிச் சூடாயிருப்பின், தொடாமல் உடனே மருத்துவரை நாடுக; அது இரத்தக் கட்டியாயிருக்கலாம்.

காரணத்தை நீக்காவிடில் முடிச்சு மீண்டும் விழும். கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிப்பு வரும் உயரமே ஊன்றுகோலுக்கு ஏற்றது. வலுவிழந்த காலுக்கு எதிர்க்கையில் அதனைப் பிடிக்க வேண்டும்.

ஒத்தடத்தில் எச்சரிக்கை

வலியென்றால் வெந்நீர் ஒத்தடமே நம் வீடுகளின் முதல் மருந்து. இந்நோயாளருக்கோ உடல் வெப்பம் சற்றே உயர்ந்தாலும் பார்வை மங்கும், கால் துவளும். உடலுழைப்புக்குப் பின் இவ்வாறு பார்வை மங்குவதை ஜெர்மானியக் கண் மருத்துவர் ஊட்டாஃப் 1890-இல் விவரித்தார். ஒரு காலத்தில் நோயை அறியவே வெந்நீர்த் தொட்டியில் அமர்த்திச் சோதித்தனர். உடல் குளிர்ந்தால் இத்தளர்ச்சி நீங்கும். எனினும் தடுமாறி விழ நேரிடலாம். எனவே ஒத்தடம் வேண்டுமாயின் சிறு இடத்தில், இளஞ்சூட்டில், சிறிது நேரமே தருக. கரிசல் மண்ணின் சித்திரை வெயிலில், நண்பகலில் இவர்களை வெளியே அனுப்பற்க. ஈரத்துணியும் நிழலும் இவர்களுக்கு மருந்துக்கு நிகர்.

குடும்பத்தாருக்கு ஒரு சொல்

ஹாலந்து நாட்டுப் புனித லிட்வினா (1380–1433) இளமையில் பனிச்சறுக்கில் விழுந்து, படிப்படியாக நடை இழந்து, நெடுங்காலம் படுக்கையில் வலி தாங்கினார். அவருக்கு வந்தது இந்நோயே என்று இக்கால மருத்துவர் சிலர் கருதுகின்றனர். அந்நாளில் அவர் வலியைத் தணிக்க வழியில்லை. இன்று வழியுண்டு. ஆகவே, பொறுமை என்று பெயரிட்டு வலியை மறைப்பதும், மறைக்கச் செய்வதும் தகாது.

மரத்துப்போதலோ பார்வை மங்கலோ ஒரு நாளுக்கு மேல் நீடித்தால், மதுரை அரசு இராசாசி மருத்துவமனை போன்ற நரம்பியல் பிரிவு உள்ள இடத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இந்நோயும் இடம்பெற்றுள்ளது; உரிய சான்றிதழ் பெற முயலலாம்.

இன்றிரவு உங்கள் வீட்டில் யாரேனும் “வலிக்கிறது” என்றால், “எங்கே? எப்படி?” என்று கேளுங்கள். அக்கேள்வியே மருத்துவத்தின் முதற்படி.