சட்டம் வரைந்த முகப்பு

லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்திலிருந்து மேற்கே கொஞ்ச தூரம் நடந்தால் பெட்ஃபோர்டு சதுக்கம். 1775இல் தொடங்கி 1783 வாக்கில் முடிந்த செங்கல் வரிசை வீடுகள் நான்கு பக்கமும் நிற்கின்றன. எட்ட நின்று பார்த்தால் ஒரு பக்கம் முழுவதும் ஒரே அரண்மனை. கதவுகளை எண்ணினால்தான் பொதுச்சுவர் வைத்து ஒட்டிக் கட்டிய தனித்தனி வீடுகள் என்று தெரியும்.

இந்த வீடுகளின் அடக்கமான அழகைக் கட்டடக் கலைஞரின் ரசனை என்று பலரும் புகழ்வார்கள். பாதிப் புகழாவது சட்டத்துக்குப் போக வேண்டும். 1666இன் பெருந்தீயில் மர வீடுகள் எரிந்த நகரம் அது. மரத்தாலான கூரை விளிம்பை 1707ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. முன்சுவரைக் கூரைக்கு மேல் உயர்த்திக் கைப்பிடிச் சுவராக்கினார்கள், கூரை அதன் பின்னே மறைந்தது. 1774ஆம் ஆண்டுச் சட்டம் வீடுகளைப் பரப்பும் மதிப்பும் பார்த்து நான்கு தரமாகப் பிரித்து, சுவரின் கனத்தை விதித்தது. ஜன்னல் பெட்டியையும் செங்கலுக்குள் மறைக்கச் சொன்னது.

அந்தப் பெட்டிக்குள் என்ன? கண்ணாடிச் சட்டத்தின் இருபுறமும் கயிறு. அது சிறு கப்பி வழியே பெட்டிக்குள் இறங்கும். நுனியில் ஈயமோ இரும்போ தொங்கும். இரு பக்க எடையும் சட்டத்தின் எடைக்குச் சமம் என்பதால் கனமான ஜன்னலை ஒரு கையால் தூக்கலாம், விட்ட இடத்தில் நிற்கும். மிக உயரமான ஜன்னல்கள் முதல் மாடியில்தான். விருந்தினர் அமரும் கூடம் அங்கே. மேலே போகப் போக ஜன்னல் குறுகும், வேலைக்காரர்களின் அறையில் மிகச் சிறியது. செங்கல்லால் அடைபட்ட ஜன்னலைக் கண்டதும் ஜன்னல் வரியைக் குறை சொல்வது வழக்கம். 1851 வரை அந்த வரி இருந்தது உண்மைதான். ஆனால் பின்னால் புகைபோக்கியோ சுவரோ இருக்க, வரிசை கெடாமலிருக்கத் தொடக்கத்திலேயே பொய்யாக வைத்தவையும் நிறைய.

பொய் ஜன்னலோடு நிற்கவில்லை. முகப்பில் ஒரு செங்கல் நெடுக்காக, அடுத்தது குறுக்காக மாறி மாறி வரும். குறுக்குக் கல் சுவருக்குள் போய் உள் அடுக்கைப் பிடிக்க வேண்டும். முகப்புக்கு விலையுயர்ந்த கல், மெல்லிய சாந்து. உள்ளே மலிவான கல், தடித்த சாந்து. வரிசைகள் ஒத்துவராது. ஆகவே பல இடங்களில் குறுக்குக் கல்லைப் பாதியாக உடைத்து வெறும் தோற்றத்துக்கு ஒட்டினார்கள். 99 ஆண்டுக் குத்தகை நிலத்தில் விற்பதற்காகக் கட்டியவர்களுக்கு அதுவே போதுமாக இருந்தது. உள்சுவரில் பதித்த மரக்கட்டை உளுத்ததும் அந்தச் சுவர் அமுங்கும், அரைக்கல் கனமுள்ள முகப்பு பிரிந்து வெளியே பிதுங்கும். இன்றும் மராமத்துக்காரர்கள் சாந்து இடுக்கில் துளையிட்டு, துருப்பிடிக்காத எஃகுக் கம்பியால் இரண்டையும் பிணைக்கிறார்கள்.