இளம்பிள்ளை வாதம்

இறப்பர் மரத்தில் பால் வெட்டச் செல்லும் தாய், விடியுமுன்பே குழந்தையைப் பிள்ளைக் காம்பராவுக்காக எழுப்புகிறாள். நேற்றுவரை லயத்து வாசலில் ஓடி விளையாடிய குழந்தை, எழுந்து நிற்க முயன்று விழுகிறது. கால்கள் வாடிய கீரைத்தண்டுபோல் துவள்கின்றன. கண்ணேறு என்பார் ஒருவர்; எண்ணெய் தேய்த்தால் சரியாகும் என்பார் மற்றொருவர். ஆனால் நோய் காலில் இல்லை, முள்ளந்தண்டினுள்ளே இருக்கிறது.

முள்ளந்தண்டின் எலும்புகளுக்குள் ஓடும் நரம்புத் தண்டே முண்ணாண். மூளையின் கட்டளையைக் கைகால்களுக்கு எடுத்துச் செல்வது அதுவே. அது அழற்சியுற்றால் கட்டளை தடைப்படுகிறது. போலியோ எனப்படும் இளம்பிள்ளை வாதம் இவ்வகையினது. மலத்தால் அசுத்தமான நீர், கை, உணவு ஆகியவற்றின் வழியே அதன் கிருமி வாயினுள் புகுகிறது. தொற்றிய 200 குழந்தைகளுள் ஏறத்தாழ ஒருவருக்கே வாதம் உண்டாகும். ஏனையோர் நோய் தெரியாமலே கிருமியைப் பரப்புவர். எனவே பலர் ஒரே பீலியையும் கழிப்பிடத்தையும் பயன்படுத்தும் லயங்களில் தூய்மை இன்றியமையாதது.

1962இல் இலங்கையில் இந்நோய் பெருவாரியாகப் பரவி, 1,810 பேரைப் பீடித்தது. அவ்வாண்டிலேயே வாய்வழிச் சொட்டு மருந்தும் இங்கு வந்தது. 1993க்குப் பின் இந்நாட்டில் போலியோ நோயாளர் எவரும் காணப்படவில்லை. 2014 மார்ச் 27இல் உலக சுகாதார நிறுவனம் தென்கிழக்காசியப் பிராந்தியத்தைப் போலியோ அற்றதென அறிவித்தது. எனினும் பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் அக்கிருமி இன்னும் ஒழியவில்லை. ஆகையால் 2, 4, 6, 18ஆம் மாதங்களிலும் 5ஆம் வயதிலும் கொடுக்கப்படும் சொட்டு மருந்தைத் தவறவிடலாகாது.

போலியோ மறைந்தாலும் முண்ணாண் அழற்சி மறைந்துவிடவில்லை. வேறொரு தொற்றுக் காய்ச்சலுக்குப் பின்னரும் அது வரலாம். போலியோவில் தொடுவுணர்ச்சி கெடாது. இதிலோ கால் மரத்துப்போகும், சிறுநீர் அடைபடும். இரண்டையும் பிரித்தறிவது வைத்தியரின் வேலை. அதனாலேயே, 15 வயதுக்குட்பட்ட எப்பிள்ளைக்கேனும் திடீரெனக் கைகால் தளர்ந்தால் சுகாதாரத் திணைக்களத்துக்கு அறிவிக்கவேண்டும் என்பது விதி. 14 நாட்களுக்குள் இருமுறை மலம் எடுத்துக் கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் சோதிக்கப்படுகிறது.

தளர்ந்த காலைத் தேய்த்து இழுக்கவேண்டாம். பிள்ளையைப் படுக்கவைத்தே இரத்தினபுரி, கேகாலை போன்ற பெரிய வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லவேண்டும். மூச்சுத் திணறினால் ஒரு நாழிகையும் தாமதிக்கலாகாது. அன்றைய பேர் போய்விடுமே என்று தாய் தயங்குவது இயல்பு. ஆனால் இழந்த பேரை மறுநாள் பெறலாம். காலந்தாழ்த்தி இழந்த காலைப் பெறுதல் அரிது.