அழகியல் சிகிச்சை ஆலோசகர்

அழகியல் சிகிச்சை ஆலோசகர் என்பவர் முடி மாற்று சிகிச்சை, லேசர் முடி நீக்கம், போட்டாக்ஸ் ஊசி போன்றவற்றை வழங்கும் கிளினிக்குகளில் பணிபுரியும் ஊழியர் ஆவார். வருபவர்களுக்குச் சிகிச்சையை விளக்குவது, கட்டணத்தைப் பேசுவது, சிகிச்சைக்குப் பின் தொடர்பில் இருப்பது ஆகியவை இவரது வேலைகள். இந்தியாவில் இவர்கள் பொதுவாகக் கவுன்சிலர் என்று அழைக்கப்படுகின்றனர். விற்பனையும் நோயாளர் பராமரிப்பும் ஒருவரிடமே இருப்பதே இப்பணியின் முக்கியச் சிக்கலாகும்.

பணிகள்

விளம்பரம் பார்த்துத் தொலைபேசியில் கேட்பவர்களுக்குப் பதிலளித்து, மருத்துவரைச் சந்திக்க நேரம் ஒதுக்குவது முதல் பணி. நேரில் வருபவரிடம் நீரிழிவு, இரத்த அழுத்தம், ஒவ்வாமை, உட்கொள்ளும் மருந்துகள் ஆகியவற்றைக் கேட்டு எழுதி மருத்துவரிடம் தர வேண்டும். உதாரணமாக, இரத்தம் உறைவதைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவர் அதைச் சொல்லாமல் விட்டால், அறுவையின்போது இரத்தக் கசிவு கூடலாம்.

கட்டணம்

கட்டணத்தை முழுமையாகச் சொல்வது ஆலோசகரின் கடமை. இந்தியாவில் மருத்துவ சேவைக்கு உள்ள சரக்கு மற்றும் சேவை வரி விலக்கு, முடி மாற்று சிகிச்சைக்கும் அழகுக்காகச் செய்யப்படும் அறுவைக்கும் கிடையாது. பிறவிக் குறைபாடு, விபத்துக் காயம் போன்றவற்றைச் சீரமைக்கும் அறுவைக்கு மட்டும் விலக்கு உண்டு. மருத்துவக் காப்பீடும் பொதுவாக அழகு சிகிச்சைக்குப் பணம் தருவதில்லை. எனவே பலர் தவணை முறையில் கடன் பெற்றே செலுத்துகின்றனர்.

விற்பனை இலக்கும் நோயாளர் நலனும்

பல கிளினிக்குகளில் ஆலோசகருக்கு மாத இலக்கும் ஊக்கத்தொகையும் உண்டு. முடி மாற்று சிகிச்சையில் கட்டணம் பெரும்பாலும் கிராஃப்ட் எனப்படும் முடிக் கற்றைகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. எண்ணிக்கை கூடினால் வருமானமும் கூடும். ஆனால் பின்னந்தலையில் எடுக்கக்கூடிய முடிக்கு அளவு உண்டு. அளவுக்கு மீறி எடுத்தால் அந்த இடம் நிரந்தரமாக அடர்த்தி குறைந்துவிடும். ஆகவே எத்தனை கிராஃப்ட், சிகிச்சை தேவையா என்பவற்றை மருத்துவரே பரிசோதித்து முடிவு செய்ய வேண்டும். அதற்கு முன் முன்பணம் வாங்குவது முறையன்று.

சட்டமும் நெறிமுறையும்

முடி மாற்று சிகிச்சைக்குப் பின் மருத்துவ மாணவர் ஒருவர் 2016இல் உயிரிழந்த சம்பவம் சென்னையில் பெரிதாகப் பேசப்பட்டது. தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, உரிய அறுவைப் பயிற்சி பெற்ற பதிவுபெற்ற மருத்துவரே இச்சிகிச்சையைச் செய்ய வேண்டும். காணொளி பார்த்துக் கற்பது பயிற்சி ஆகாது என்றும் அது கூறுகிறது. சிகிச்சையின் பயன், ஆபத்து, மாற்று வழி ஆகியவற்றைச் சொன்ன பிறகு பெறுவதே உண்மையான ஒப்புதல் என்பதை உச்ச நீதிமன்றம் 2008இல் சமீரா கோலி வழக்கில் தெளிவுபடுத்தியது. ஆலோசகர் படிவத்தில் கையெழுத்து வாங்குவதால் மட்டும் மருத்துவரின் இப்பொறுப்பு தீர்ந்துவிடாது.

சிகிச்சைக்குப் பின்

நட்ட முடி சில வாரங்களில் உதிர்வது இயல்பு. மூன்று, நான்கு மாதங்களில் மீண்டும் வளரத் தொடங்கும். முழுப் பலன் தெரிய ஏறத்தாழ ஓராண்டு ஆகலாம். இதை முன்பே சொல்லியிருந்தால், பயந்து அழைப்பவரை ஆலோசகரால் எளிதில் தேற்ற முடியும். காய்ச்சல், சீழ், கடும் வலி, அதிக வீக்கம் என்று கூறினால் தானே பதில் சொல்லாமல் உடனே மருத்துவரிடம் இணைக்க வேண்டும். பணம் கட்டி முடித்தவரின் அழைப்பையும் புதிதாக விசாரிப்பவரின் அழைப்பைப் போலவே எடுப்பது நல்ல ஆலோசகருக்கு அடையாளம்.