பருவமெய்தாத பெண்ணும் பழி சுமக்கும் தாயும்

பெண்ணுக்குப் பதினான்கு வயதாகியும் பருவமெய்தவில்லை. உடன் பயிலும் சிறுமியரைவிட ஒரு சாண் குட்டையாகவும் நிற்கிறாள். நம் இல்லங்களில் முதலில் நிகழ்வது யாது? ஊரிலுள்ள குலதெய்வத்திற்கு நேர்ந்துகொள்வர். அடுத்து, பழி தாயின் தலையில் விழும். கருவுற்றிருந்தபோது கிரகணத்தன்று வெளியே போனாளாம்! மருத்துவரை நாடுவது எல்லாவற்றிற்கும் பின்னரே. அந்தத் தாமதத்தினால் இழப்பது சிறிதன்று.

நம் உயிரணுக்களில் 46 குரோமோசோம்கள் உள. அவற்றுள் இரண்டு பாலைக் குறிப்பவை. பொதுவாகப் பெண்ணுக்கு இரண்டு எக்ஸ், ஆணுக்கு ஓர் எக்ஸும் ஒரு ஒய்யும். பெண் மகவுக்கு ஓர் எக்ஸ் இல்லாமலோ குறைபட்டோ போவது டர்னர் நிலை; ஏறத்தாழ 2,500 பெண் குழந்தைகளுள் ஒருத்திக்கு நேர்வது. ஆண் மகவுக்கு ஓர் எக்ஸ் மிகுவது கிளைன்ஃபெல்டர் நிலை. சுமார் 600 ஆண் குழந்தைகளுள் ஒருவனுக்கு. அமெரிக்க மருத்துவர்கள் முன்னதை 1938-லும் பின்னதை 1942-லும் விவரித்தனர். குரோமோசோமே காரணமென்பது 1959-ல்தான் தெளிவாயிற்று.

இது தற்செயலாக நேர்வது. உணவாலோ நடத்தையாலோ வருவதன்று. டர்னர் நிலையில் பெரும்பாலோரிடம் எஞ்சி நிற்பது தாய் தந்த எக்ஸ். காணாமற்போனது தந்தையின் பங்கு. அதற்காகத் தந்தையைப் பழிக்க வேண்டுமென்பதில்லை. ஆயினும் மாமியார்மார் இவ்வரியை இருமுறை வாசித்தால் நன்று.

உயரம் கூட்டும் ஹார்மோன் ஊசி, எலும்பின் முனைகள் கூடுமுன் தந்தால்தான் பயன்படும். பருவ மாற்றங்களையும் உரிய வயதில் மருந்தினால் வரவழைக்கலாம். இதயத்தினின்று புறப்படும் பெருங்குழாய், சிறுநீரகம், செவி ஆகியவற்றையும் சோதித்தல் வேண்டும். ஆண் பிள்ளைகளுக்கோ பேச்சுத் தாமதம், படிப்பில் பின்னடைவு, பருவ வயதில் மார்பு பருத்தல் ஆகியன குறிப்புகளாகலாம். பலர் திருமணத்திற்குப் பின், மகப்பேறின்மைக்காகச் சோதிக்கும்போதே அறிகின்றனர். அதற்குள் மனைவி கேட்ட ஏச்சு எத்தனையோ!

சோதனைக்குச் சிறிதளவு இரத்தம் போதும். நம் நீலசந்திராவிற்கு அண்மையிலேயே கோரமங்கலத்தில் செயிண்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. நிமான்ஸ் அருகில் இந்திரா காந்தி குழந்தைகள் நல நிலையம் உள்ளது. ஊர் செல்வோர்க்கு வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியும் உண்டு. அங்கே மரபியல் ஆலோசனையும், குழந்தைகளின் ஹார்மோன் குறைகளைப் பார்க்கும் மருத்துவரையும் கேளுங்கள். ஆண்டுதோறும் அளந்த உயரக் குறிப்பு இருப்பின் எடுத்துச் செல்லுங்கள். சோதனை முடிவின் நகலைக் கேட்டு வாங்குங்கள். கன்னடமோ ஆங்கிலமோ விளங்காவிடின், தமிழில் சொல்லும்படி கேட்க நாணம் வேண்டா.

மற்றொன்றும் கேட்கலாம்: இதே நிலையுள்ள வேறு குடும்பத்தாரை, அவர்கள் இசைந்தால், அறிமுகம் செய்விக்க இயலுமா என்று. 1989-ல் அமெரிக்காவில் மெலிசா அய்ல்ஸ்டாக் என்னும் தாய், கிளைன்ஃபெல்டர் நிலையுடைய தம் மகனைப் பற்றிச் செய்தித்தாளின் ஆலோசனைப் பகுதிக்கு ஒரு கடிதம் விடுத்தார். அதைப் படித்து, தம் வீட்டிலும் அப்படியே என்று பலர் அவருக்கு எழுதினர். அக்குடும்பங்களுக்கென ஓர் அமைப்பு அவ்வாறுதான் பிறந்தது.