சொல்லக் கூசும் வீக்கமும் சுகாதார ஊழியர் பயிற்சியும்

யானைக்கால் நோய் என்றதும் வீங்கிய காலே நம் நினைவுக்கு வருகிறது. அந்நோய் காலோடு நிற்பதன்று. ஆண்களுக்கு விரைப்பையிலும் குறியிலும், பெண்களுக்குப் பிறப்புறுப்பின் வெளிப்புறத்திலும் அது வீக்கத்தை உண்டாக்கும். கால் வீக்கத்தை ஊரார் காண்கின்றனர். மறைவிடத்து வீக்கத்தையோ வீட்டாரும் அறியார். வெட்கத்தால் மறைத்து, நடக்கவும் வயலில் குனியவும் இயலாத நிலை வந்த பின்னரே பலர் மருத்துவரை நாடுகின்றனர்.

நோயின் இயல்பு

உடலின் திசுக்களில் ஊறும் நீரை வடித்து இரத்தத்தில் சேர்ப்பவை நிணநீர்க் குழாய்கள். கொசுக்கடியால் புகும் பைலேரியா புழுக்கள் இவற்றைக் கெடுத்துவிட்டால், வடிகால் அடைபட்ட வயலைப்போல் அவ்விடத்தில் நீர் தேங்குகிறது. புற்றுநோய்க்காக இடுப்பிலோ தொடையிடுக்கிலோ நிணக்கணுக்களை அகற்றியவர்களுக்கும், கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவர்களுக்கும் இது நேரலாம். ஆகவே யானைக்கால் நோய் பரவாத ஊரும் இதை அறிந்திருத்தல் நலம்.

நம் நாட்டில் பைலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம் 1955-ஆம் ஆண்டு தொடங்கிற்று. கடலூர் மாவட்டத்தில் 1996-ஆம் ஆண்டில் மக்கள் அனைவருக்கும் மாத்திரை வழங்கும் முறை வந்தது. இலங்கை 2016-ஆம் ஆண்டில் இந்நோயை ஒழித்த நாடாக அங்கீகாரம் பெற்றது. எனினும் மாத்திரை நோய் பரவுவதைத் தடுக்குமேயன்றி, முன்பே முற்றிய வீக்கத்தை வடியச் செய்யாது. அவர்களுக்குப் பயிற்சி பெற்ற ஊழியரின் கவனிப்பே துணை.

பயிற்சி எவற்றில் வேண்டும்?

முதலாவது, கேட்கும் முறை. நோயாளி தாமாகச் சொல்லமாட்டார். கால் வீக்கத்துடன் வருபவரிடம், தனியிடத்தில், கூச்சம் உண்டாகாத சொற்களால் ஊழியரே கேட்டறிய வேண்டும். பெண்களைப் பெண் ஊழியரே விசாரித்தல் நன்று.

இரண்டாவது, வேறுபாடு அறிதல். விரையைச் சூழ்ந்து நீர் கோத்த விரைவீக்கம், குடலிறக்கம், தோல் தடித்த நிணநீர் வீக்கம், கட்டி ஆகியவை பார்வைக்கு ஒத்திருப்பினும் சிகிச்சையால் வேறுபட்டவை. விரைவீக்கத்துக்கு அறுவைச் சிகிச்சையே தக்க வழி. ஊசியால் நீரை எடுத்தால் மீண்டும் சேரும். சீழ் பிடிக்கவும் கூடும்.

மூன்றாவது, நாள்தோறும் செய்யும் பராமரிப்பு. சோப்பும் சுத்தமான நீரும் கொண்டு மடிப்புகளைக் கழுவி, ஈரமின்றி ஒற்றித் துடைத்தல். புண்ணுக்கு உடனே மருந்திடல். விரைப்பையைத் தாங்கும் உள்ளாடை அணிதல் ஆகியவற்றை ஊழியர் செய்து காட்டிக் கற்பிக்க வேண்டும்.

நான்காவது, அபாயக் குறிகளை உணர்தல். குளிர் காய்ச்சலுடன் வீக்கம் சிவந்து வலித்தால் தாமதமின்றி மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். இல்லற வாழ்வைப் பற்றிய கவலைக்கும் பொறுமையுடன் விடை கூறத் தெரிந்திருத்தல் அவசியம்.

பஞ்சாயத்தின் பங்கு

சங்கரன்கோவில் வட்டாரப் பஞ்சாயத்து உறுப்பினர்கள் இதில் செய்யக்கூடியவை உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மறைப்புள்ள பரிசோதனை இடம் உண்டா என்று பார்க்கலாம். ஊழியர் பயிற்சியில் இப்பாடமும் இடம் பெற வேண்டுமென வட்டார மருத்துவ அலுவலரைக் கேட்கலாம். நோயாளியைச் சங்கரன்கோவில் அரசு மருத்துவமனைக்கும், தேவைப்படின் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் செல்லத் தூண்டலாம். ஆனால் எவர் பெயரையும் கிராம சபையில் கூறலாகாது. தம் இரகசியம் காக்கப்படும் என்ற நம்பிக்கை பிறந்தால்தான் நோயாளிகள் சிகிச்சைக்கு முன்வருவர்.