மீள்நிறுவலும் பயனாளர் உடைமையும்

மென்பொருள் ஒன்றைக் கணினியில் முதன்முறை நிறுவுதல் எளிது. முன்னரே உள்ளதன்மீது மீண்டும் நிறுவுதலோ அத்துணை எளிதன்று. அங்கே இருவகைப் பொருள்கள் கலந்து கிடக்கின்றன. ஒன்று, ஆக்கியோர் அளித்த நிரற் கோப்புகள். மற்றொன்று, பயனாளர் தம் உழைப்பாற் சேர்த்த அமைப்புகளும் தரவுகளும். முன்னதைப் புதுக்கிப் பின்னதைக் காத்தலே நல்ல நிறுவியின் இலக்கணமாகும். திருகோணமலைத் துறைமுகத்திற் கப்பலைச் செப்பனிடுவோர் துருவேறிய தகட்டை மாற்றுவர். பயணக் குறிப்பேட்டைக் கடலில் எறியார்.

நம் மாவட்டப் பாடசாலை ஒன்றில் மாணவர் புள்ளிகளைப் பதியும் மென்பொருள் பழுதுற்றதாகக் கொள்வோம். ஆசிரியர் நிறுவியை மீண்டும் இயக்குகின்றார். அது வெறுமையான தரவுக் கோப்பொன்றைப் பழையதன்மேல் எழுதிவிடின், ஒரு தவணையின் உழைப்பு நொடியில் அழியும். இதனைத் தடுக்கும் வழிகள் யாவை?

1999ஆம் ஆண்டளவில் வெளிவந்த விண்டோஸ் இன்ஸ்டாலரில் ‘ரீஇன்ஸ்டால்மோட்’ என்னும் பண்பு இதனை ஆளுகின்றது. ஒவ்வோர் எழுத்தும் ஓர் ஆணை. வேறொன்றுங் குறியாதவிடத்து ஓ, எம், யு, எஸ் என்னும் நான்கும் இயங்கும். ‘ஓ’ என்பது, கோப்பு இல்லாதபோதும் பழைய பதிப்பாயிருக்கும்போதும் மட்டுமே புதியதை வைக்கும். பதிப்பெண் இல்லாத கோப்பு, ஆக்கப்பட்ட நாளுக்குப் பின் திருத்தப்பட்டிருப்பின், பயனாளருடையதெனக் கருதி அதனைத் தொடாது விடும். ‘எம்’, ‘யு’ ஆகியன கணினிக்கும் பயனாளருக்கும் உரிய பதிவேட்டுக் குறிப்புகளை மீள எழுதும். ‘எஸ்’ குறுக்குவழிகளைப் புதுக்கும். ‘ஓ’வுக்குப் பதிலாக ‘ஏ’ என்று இடின், பழையது புதியது என்னும் வேறுபாடின்றி எல்லாக் கோப்புகளும் மாற்றப்படும். அறியாது அதனை இடுதல் கேடாம். பயனாளர் விருப்பங்களை நிறுவியே பதிவேட்டில் எழுதின், ‘யு’ அவற்றைத் தொடக்க நிலைக்குத் திருப்பிவிடும். ஆதலின் அவற்றை முதல் இயக்கத்தின்போது மென்பொருளே எழுதுதல் நன்று.

1997இல் தோன்றிய இன்னோ செட்டப் வேறு முறையினது. மென்பொருளுக்கு மாறா அடையாளம் ஒன்று தரப்படும். முன் நிறுவலை நிறுவி அதனால் அறியும். அவ்வடையாளத்தை மாற்றின், ஒரே மென்பொருள் இரண்டாகப் பதிவுறும். கோப்பு இல்லாதபோது மட்டும் வைக்குமாறும், நீக்கும்போதும் விட்டுவைக்குமாறும் கோப்புதோறும் ஆணையிடலாம். புள்ளிக் கோப்புக்கு இவ்விரண்டும் வேண்டும்.

லினக்ஸ் உலகின் டெபியன், அமைப்புக் கோப்பின் பழைய சுவட்டையும் இப்போதைய வடிவையும் ஒப்பிடும். பயனாளரும் ஆக்கியோரும் தனித்தனியே திருத்தியிருப்பின், எது வேண்டுமென வினவும். நீக்குதல் வேறு, அடியோடு களைதல் வேறு எனவும் பிரித்துள்ளது. முன்னதில் அமைப்புக் கோப்புகள் எஞ்சும்.

நிரல் எழுதப் புகும் மாணவர், ஒவ்வொரு கோப்புக்கும் இவ்வினாக்களை எழுப்புக: இஃது ஆக்கியோனுடையதா, பயனாளருடையதா? இருக்கக் காணின் யாது செய்வது? நீக்கும்போது யாது செய்வது? இவற்றுக்கு விடை வகுத்து, நிரப்பிய தரவுடன் மீள்நிறுவலைச் சோதித்த பின்னரே நிறுவியைப் பிறர் கையிற் கொடுத்தல் முறை. அவர் நம்பி ஒப்படைப்பது தம் உழைப்பையன்றோ?